பிச்சமுத்து அளந்த லார்ஜ்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி ஆகிவிட்டால் பிச்சமுத்துவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. திருச்சியில் எந்த ஓட்டல் பாரில் எத்தனை மணி வரைக்கும் ஹேப்பி ஹவர்ஸ், எங்கே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், எங்கே வேர்க்கடலை நமுத்துப்போயிருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வாரத்துக்கு ஒரு பார். நானும் கூடப் போவேன். ஒரு லார்ஜ் சொன்னால் இரண்டு வரும், ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் தொட மாட்டான். "குடிக்கவாடா வர்றோம்? எவன் எப்படி நடத்துறான்னு பார்க்க வர்றோம்" என்பான். நான் குடிக்கத்தான் போகிறேன். அதை அவனிடம் சொல்லி வம்பு வாங்க முடியாது.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் லேத்தில் நின்றவன். எனக்கு அடுத்த லேத். ஓய்வுபெற்ற பிறகு உறையூர் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய லேத்தைப் போட்டு, யார் எதைக் கொண்டுவந்தாலும் கேட்ட அளவுக்குக் கடைந்து கொடுக்கிறான். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவன் கண் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு.

போன மாசம் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். லார்ஜ் வந்ததும் ஐஸ், சோடா எதுவும் சேர்க்க விடாமல் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அறுபது மில்லி இருக்கணும். அம்பதுதான் இருக்கு."

"விடுடா" என்றேன். விடுவானா? மேனேஜரைக் கூப்பிட்டு, பார் முழுக்கக் கேட்கும்படி, "ஊத்துறதுல உங்க ஆளு திருடுறாருங்க" என்றான். கவுண்டரில் ஊற்றிக்கொடுத்தவர் அற்புதசாமி. நாற்பது வயது இருக்கும். மேனேஜர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம். கோட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு" என்றார். அந்த அவசரம் எனக்கு உறுத்தியது.

அற்புதசாமி கோட்டைக் கழற்றிக்கொண்டே எங்கள் மேஜைக்கு வந்தார். "சார், பதினோரு வருஷமா ஊத்துறேன். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. திருடன்ங்கிற பேரோட இனிமே என்னை எந்த பார்ல சேத்துக்குவாங்க? இவங்க குடுத்த கிண்ணத்துலதான் அளந்து ஊத்துனேன். நீங்களே பாருங்க." ஸ்டீல் அளவுக் கிண்ணத்தை மேஜையில் வைத்தார்.

பிச்சமுத்து கிண்ணத்தை எடுத்து, கட்டைவிரலை வெளியிலும் ஆள்காட்டி விரலை உள்ளேயும் வைத்து அடியைப் பிடித்துப் பார்த்தான். தடிமனாக இருந்தது. உள்ளே அடியோடு அடியாக வட்டமான ஒரு தட்டைக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தார்கள். அதன் ஓரத்தை நகத்தால் தடவினான். அவன் முகம் செத்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. ஓரத்தில் பிசிறு இல்லாமல் அப்படி மெல்லிசாகச் சரிவு எடுக்க திருச்சியில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று என்னிடம் ஆயிரம் தடவை பீற்றிக்கொண்டவன் அவன்.

பேசாமல் கீழே வைத்திருக்கலாம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் எழுந்து நின்றான்.

"இவரு திருடலைங்க. கிண்ணத்துக்குள்ள தட்டு வெச்சிருக்கு, பத்து மில்லி அதுலயே போயிடும். போன வருஷம் ஒரு ஆளு ஒரு டஜன் கிண்ணம் கொண்டாந்து தட்டு வெச்சுக் கேட்டான். எதுக்குன்னு கேக்காம செஞ்சு குடுத்த மடையன் நான்தான்."

எல்லோரும் அவரவர் கிளாஸைப் பார்த்தார்கள். "வெளில போய்ப் பேசலாம் சார்" என்று மேனேஜர் குழைந்தார்.

"மொதல்ல இவரு கோட்டை மாட்டிக்கிட்டு கவுண்டருக்குள்ள போகட்டும். அது வரைக்கும் நான் நகர மாட்டேன்."

பக்கத்து மேஜைகளிலிருந்தும் குரல் எழும்பவே மேனேஜர் தலையாட்டினார். பிச்சமுத்து அற்புதசாமியைக் கும்பிட்டு, "என்னை மன்னிச்சிருங்க தம்பி" என்றான். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கவுண்டருக்குள் போனார். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

வெளியே வந்தோம். ஆள் உடைந்துபோயிருப்பான், வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று நினைத்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கெடச்சிருச்சு. இன்னும் பதினொண்ணு எவன் எவன்கிட்ட இருக்கோ. மணி அஞ்சரைதான் ஆகுது, ஆட்டோவைக் கூப்பிடு."