கரும்புக்குள் ஒளித்த வண்டி

என் முதல் மோட்டார் சைக்கிளை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பிஜித் தலைநகர் சுவாவில் பூர்வகுடிகளின் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. இந்தியர்களின் வண்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

பக்கத்து வீட்டு ஜோனே பூர்வகுடி பிஜியன். என்னோடு கரும்பு வெட்டுகிறவன். என் சிவப்பு வண்டியைக் கண்டாலே ஆசையாகத் தடவிப் பார்ப்பான். இவனும் பிடுங்கிக்கொள்வானோ என்று அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அவன் இல்லாத நேரம் பார்த்து வண்டியை எங்கள் கரும்புக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய், காய்ந்த தோகையால் மூடினேன்.

நியூசிலாந்து போவதற்கான பாஸ்போர்ட் வேலையாக சுவா போய்த் திரும்பும்போது, பஸ்ஸிலிருந்தே புகை தெரிந்தது. வெட்டுக்கு முன் தோகையை எரிக்கப் பக்கத்து வயலில் வைத்த தீ எங்கள் கரும்புக்குத் தாவியிருந்தது. வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோல். இறங்கி ஓடினேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. சீட் மட்டும் கருகியிருந்தது. பக்கத்தில் ஜோனே, புருவம் பொசுங்கி, இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வண்டி உள்ள இருக்குன்னு நான்தாங்க கத்திட்டேன்," என்றாள் என் மனைவி. "தடுக்கறதுக்குள்ள இவரு பாஞ்சிட்டாரு."

ஜோனே எங்கள் பிஜி இந்தியிலேயே கேட்டான்: "யாருக்குப் பயந்து அண்ணே அங்க வச்சே?"

"சிப்பாய்களுக்கு," என்றேன்.

"என் வீட்டுல வச்சிருக்கலாமே! அங்க எவனும் தேடமாட்டான்."

ஆக்லாந்துக்குக் கிளம்பிய காலையில் வண்டியை அவன் வீட்டில்தான் நிறுத்தினேன். சாவியை அவன் கையில் கொடுத்தேன். அன்று சொன்ன பொய்யை மட்டும் திருத்த வாய் வரவில்லை.