ரொம்பக் கீழான மனுஷி

லிஃப்டைப் பழுது பார்க்க வரும்போதெல்லாம் அதன் அடிக்குழிக்குள் முதலில் தலையை நீட்டி, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்பார். குழி பதில் சொல்லாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏணியைப் பார்க்காமலேயே கால் வைத்து மளமளவென்று இறங்கிவிடுவார். டார்ச் விளக்கெல்லாம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஸ்பானர் சத்தமும், கூடவே, "எந்தப் புண்ணியவான்டா இந்த நட்டை இப்படி முறுக்கி வெச்சது?" என்ற குரலும் கேட்கும். அந்தக் குரல் எட்டு மாடிக்கும் கேட்கும். சுரங்கங்களில் பேசிப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசு என்றால் எப்படிப் பேசும்?

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் குழியக்கா. காவலாளி கேலியாக வைத்த பெயர் அது. அவர் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் மனுஷன் நடுங்கிப்போய்விட்டான். அவரோ நேரே அவனிடம் போய், "என்ன அழகா பேர் வெச்சிருக்கே, ராசா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அன்றிலிருந்து அவனுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வருகிறார். என் மார்பளவுதான் உயரம். கையோ என் கையைப்போல ஒன்றரை மடங்கு. குலுக்கினால் அப்புறம் கொஞ்ச நேரத்துக்குப் பேனா பிடிக்க முடியாது.

அவர் ஆழத்தார் இனத்துப் பெண். மலைக்குள்ளே ஊர் குடைந்து, தெரு வெட்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். மலைக்குள் வெள்ளம் புகுந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இன்று இந்த ஊரில் ஓடுகிற லிஃப்ட், இறைக்கிற பம்பு, ஒழுங்காகப் பூட்டுகிற பூட்டு என்று எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே அவர்களில் ஒருவருடைய முத்திரை இருக்கும். அதுவும் யார் கண்ணுக்கும் படாத அடிப்பக்கத்தில் இருக்கும். மேலே முத்திரை குத்துவது அவர்களைப் பொறுத்தவரை விளம்பரப் பைத்தியம்.

ஏனென்றால் ஆழத்தாருக்குக் கீழ்தான் மேல். அடி ஆழத்தில் வேலை செய்கிறவர் பெரிய ஆள், உச்சிப் பக்கம் வேலை செய்கிறவர் கற்றுக்குட்டி. "கீழே கீழே போங்க" என்று மணமக்களை வாழ்த்துவார்கள். இது தெரியாமல் அவர்களோடு பழகினால் வம்புதான். போன வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், பொறியியல் தேர்வில் முதலாவதாக வந்த செயலாளர் மகனைப் பாராட்ட, குழியக்கா தானாகவே மைக்கை வாங்கினார். "இந்தப் பையன் ரொம்பக் கீழான பையன். அவங்கப்பாவை விடக் கீழே போவான், பாத்துக்கிட்டே இருங்க" என்றார். செயலாளரின் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய் அர்த்தம் சொல்லி ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

குழியக்காவுக்கு என்ன தப்பு என்றே விளங்கவில்லை. "ஏங்க, செத்தவங்களைத்தானே நீங்க மேலே போயிட்டாருன்னு சொல்றீங்க? அப்புறம் உசிரோட இருக்கறவனை எதுக்கு மேலே போ, மேலே போன்னு வெரட்டறீங்க?" என்று கேட்டார்.  

நான் மட்டும் என்ன ஒழுங்கா? பத்திரிகைக்காக அவரிடம் பேச உட்கார்ந்தபோது, இந்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். "அக்கா, வாழ்க்கையில நீங்க எப்படி மேலே வந்தீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தண்ணி வந்துச்சு. வந்தோம்" என்றார். பிறகு, "அதைப் போய் சிரிச்சுக்கிட்டே கேக்கறீங்களே, ஆறாம் மாடி" என்றார். நான் குடியிருப்பது ஆறாம் மாடியில். அதை அவர் எப்போதும் ஒரு நோயாளியைக் கூப்பிடுகிற பரிதாபத்தோடுதான் சொல்வார். அன்று அந்தப் பரிதாபம்கூட இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே, "ஆனா ஒண்ணு. வெறுங்கையோட வந்தாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கையோடதான் வந்தோம்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்குக்கு நேராக விரித்துக் காட்டினார். கிரீஸ் வாசனை அடித்தது. எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, என்னவோ நானே அவற்றைச் செய்துவைத்த மாதிரி.

அவர் வீடு, எதிர்க் கட்டடத்தின் நிலவறை. ஜன்னல் இல்லாத இடத்துக்கு வாடகை வாங்குகிறோமே என்று வீட்டுக்காரர் உள்ளுக்குள் சிரிக்கிறார். இவ்வளவு நல்ல இடத்தை இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறாரே என்று இவர்கள் சிரிக்கிறார்கள். முதல் முறை போனபோது என்னை மட்டும் உயரமான ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன். அந்த வீட்டில் தரை பெரியவர்களுக்கு, பெஞ்சு சின்னவர்களுக்கு, ஸ்டூல் என்பது பல் முளைக்காத குழந்தைகளுக்கு என்று அவர் மகள்தான் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மகளும் அதே தொழில்தான். பட்டறையில் உட்கார்ந்து செய்கிற பிரிவு. அம்மாவின் குரல், அம்மாவின் கை, அம்மாவின் பிடிவாதம், எல்லாம் அப்படியே. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் வேறு சத்தம் எதுவும் தேவையில்லை. கணவர் பம்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். அவர் வாயைத் திறந்து நான் கேட்டது மொத்தமே இரண்டு வாக்கியம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லிஃப்டின் ஆபத்து பிரேக் தேய்ந்துபோயிற்று. கயிறோ மோட்டாரோ கைவிட்டு லிஃப்ட் விழ ஆரம்பித்தால், அடியிலிருந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற சாதனம் அது. பழைய கம்பெனி மூடிக்கிடந்தது. மகள், "நான் செய்யறேன்" என்றாள். செய்தாள். ஆனால் ஆழத்தார் வழக்கப்படி இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துச் செய்யவில்லை, தானாக யோசித்து ஒரு பக்கம் மட்டும் உருளை வைத்துச் செய்தாள். குழியக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒத்தைக் கையில கொழந்தையத் தூக்கற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது.

அரசாங்கச் சோதகர் வந்து, மணல் மூட்டைகளை ஏற்றி விழவிட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அதுவே போதும். ஆழத்தாருக்குப் போதாது. முதன்முதலாக ஒரு பிரேக்கைச் செய்தவர் தன் சொந்த முத்திரையைக் குத்திக்கொள்ள வேண்டுமானால், அது விழும்போது அதன்மேல் ஓர் ஆள் நிற்க வேண்டும். செய்தவர் நிற்கக்கூடாது, தன் உயிரைப் பணயம் வைக்க எந்தப் பைத்தியமும் துணியும் என்பது அவர்கள் கட்சி. பெற்ற தாயோ தகப்பனோ நிற்க வேண்டும், அவர்கள் மாட்டேன் என்றால் நெருங்கிய சொந்தம். எதையும் பிடிக்கக்கூடாது, எதிலும் சாயக்கூடாது. விரல் நுனி கம்பியில் பட்டாலும் பெற்றவளுக்கே நம்பிக்கையில்லை என்று அர்த்தம். செய்தவர் கைக்கு அப்புறம் ஆயுசுக்கும் சொந்த முத்திரை கிடையாது, அடுத்தவர் முத்திரைக்குக் கீழேதான் உழைக்க வேண்டும்.

"உனக்குப் பிடிக்கலைன்னா விடும்மா. சித்தியை ஏறச் சொல்றேன்" என்றாள் மகள்.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், சித்தி எதுக்குடி?"

"நீ நடுவுல பயந்து கம்பியைப் பிடிச்சுட்டேன்னா?"

"எங்கம்மா எனக்காக ஏறினப்ப கொட்டாவி விட்டாளாம். என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்கறே!"

சங்கச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "மணல் மூட்டை வெச்சுத்தான் பாத்தாச்சேம்மா! இன்னும் என்ன?"

"மணல் மூட்டைக்கு மக இருக்காளா, சார்?" என்றார் குழியக்கா. செயலாளர் அதற்குமேல் நிற்கவில்லை. தான் எதையும் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாட்சிக்கு உறவில்லாத ஒருவர் கூட ஏற வேண்டுமாம். "நீங்க வாங்க, ஆறாம் மாடி. எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார் குழியக்கா. பத்திரிகைத் தொழில் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் துளி ரத்தம் இல்லை. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு ஏறினேன்.

எட்டாம் மாடி. லிஃப்டுக்குள் மூட்டைகள், நடுவில் நாங்கள் இருவர். கணவர் மேலே மோட்டார் அறையில், அந்த உயரத்துக்குப் போகவைப்பதற்கே அவரை நாலு பேர் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சாட்சிக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், முடிந்திருந்தால் பல்லாலும் பிடித்திருப்பேன். குழியக்கா நட்டநடுவில் நின்று, எனக்குத் தெரிய வேண்டுமென்று கைகளை உடம்பிலிருந்து விலக்கி, பத்து விரலையும் அகல விரித்துக்கொண்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "விடட்டுமா?"

"கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி? விடுங்க!"

தரை காலை விட்டுப் போயிற்று.  நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் கண்ணை மூடவில்லை, அதற்குத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள்? அவர் உதடு வெளுத்திருந்தது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கொட்டாவியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மனுஷிக்குப் பயம், சாதாரணப் பயம் இல்லை. அவ்வளவு பயத்திலும் அந்தப் பத்து விரலும் விரித்தபடியே இருந்தன. டமார் என்று ஒரு சத்தம். நான் மூட்டைமேல் விழுந்தேன். அவர் ஆடினார், முன்னும் பின்னும் ஒரு தரம் ஆடி, நின்றார். லிஃப்டும் நின்றிருந்தது.

வெளியே தடதடவென்று படியிறங்கி ஓடிவரும் சத்தம். கதவை நெம்பித் திறந்தார்கள். ஆறாம் மாடிக்கு இடுப்பளவு உயரத்தில், என் வீட்டு வாசலுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தோம். மகள் மூச்சு வாங்க நின்றாள். அவளுக்குப் பின்னால் உறவுக்காரர்கள். அம்மாவிடம் எதுவும் கேட்கக்கூடாது போலிருக்கிறது. என்னைத்தான் கேட்டாள்.

"பிடிச்சாங்களா?"

"இல்லம்மா. நான்தான் பிடிச்சேன். அவங்க பிடிக்கவே இல்ல" என்றேன். 

யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். குழியக்கா யார் கையையும் வாங்காமல் தொப்பென்று கீழே குதித்தார். குனிந்து, லிஃப்டின் அடியில் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருந்த அந்த உருளையை வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.  ஏதாவது சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அவர் மகளைத் தாண்டி நடந்து, ஏழாம் மாடிக்குப் போகிற படிக்கட்டில் ஒரு படி மேலே ஏறி, திரும்பி, தரையில் நின்ற மகளுக்கு எதிரே கைகட்டி நின்றார்.