நெஞ்சில் கட்டிய கேமரா

சைக்கிளில் கேரி தீவுக்குப் போகும்போது படம் பிடிக்கலாமென்று தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஆக்‌ஷன் கேமரா ஒன்றை வாங்கினேன். அதை முதலில் உருப்படியாகப் பயன்படுத்தியவர் நானல்ல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என் தோள்வலிக்கு வாராவாரம் அவரிடம் போவேன்.

கேமராவைப் பற்றிச் சொன்னதும் அவர் கை நின்றது.

"அதை நெஞ்சுல கட்டலாமா தம்பி?"

"கட்டலாம். எதுக்குண்ணே?"

"காலையில கடைக்கு வர்றப்ப ஒருத்தர் என் முழங்கையைப் பிடிச்சு ரோட்டைக் கடத்தி விடுறாரு. மூணு மாசமா அதே ஆளு. தேங்க்யூ சொன்னா பதில் இல்ல. தமிழ்ல கேட்டேன், மலாய்ல கேட்டேன், வாயே திறக்கலை. யாருன்னு தெரிஞ்சாகணும் லா."

எனக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. மறுநாளே கேமராவைக் கொண்டுபோனேன். மெமரி கார்டைப் போட்டு, ஒரே பட்டனில் இயங்கிப் பதிவு தொடங்கும்படி வைத்தேன். அவர் அதை வாங்கி மூலை மூலையாகத் தடவினார். ஒருமுறை அழுத்தினால் ஒரு பீப், பதிவு தொடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினால் அடுத்தடுத்துப் பல பீப், நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்தில் என்னைவிட வேகமாக இயக்கினார். நெஞ்சுப் பட்டையை மட்டும் நான் இறுக்கிவிட்டேன்.

முதல் நாள் படம் முழுக்கப் பனிமூட்டம். அவர் விரலில் இருந்த எண்ணெய் லென்ஸில் படிந்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவருடைய தாடையும் மோனோரயில் பாதையும் வானமும்தான் தெரிந்தன. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்துத் திருகை இறுக்கினேன்.

மூன்றாம் நாள் படத்தை அவர் கடையிலேயே கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை வந்துருச்சுண்ணே. நீல யூனிஃபார்ம். கொண்டோ வாசல்ல காவல் நிக்கிற ஜாகா. நேப்பாளத்துக்காரர் மாதிரி இருக்காரு, சின்ன வயசு. இன்னொரு கையைத் தூக்கி லோரியை நிறுத்துறாரு."

கைப்பேசியில் அண்ணனின் குரல் "தேங்க்யூ" என்றது. பதில் சத்தம் ஏதுமில்லை. ஆனால் அந்தக் காவலாளி அவருக்கு எதிரே வந்து, நேராக நிமிர்ந்து நின்று, ஒரு சல்யூட் அடித்தார். பிறகுதான் திரும்பி ஓடினார்.

அதை அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப தினமும் பதில் சொல்லியிருக்காரு," என்றார். "எப்படி அடிச்சாரு? செஞ்சு காட்டு."

எழுந்து நின்று சல்யூட் வைத்தேன். அவர் என் முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு, நீட்டிய விரல்கள், நெற்றிப்பொட்டு வரை தடவிப் பார்த்தார். தானும் இரண்டுமுறை செய்தார். விரல்களைச் சேர்த்து வைக்கும்படி நான் திருத்தினேன்.

"படத்தை அழிச்சிரு தம்பி. அவரைக் கேக்காம எடுத்தது."

அவர் எதிரிலேயே அழித்தேன்.

சனிக்கிழமை காலை அவர் பின்னால் சற்றுத் தள்ளி நடந்தேன். காவலாளி வந்தார், முழங்கையைப் பிடித்தார், சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் சேர்ந்ததும் அண்ணன் "தேங்க்யூ" சொல்லவில்லை. கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் சல்யூட் அடித்தார்.

காவலாளி திகைத்து நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குரலை அண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவை.