நான் சொல்றேன், இருங்கம்மா

எங்கள் தோட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி இருக்கிறது. கதவில் பூட்டு இருக்கிறது, பூட்டில் துரு இருக்கிறது, மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால் பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மாத்திரை வாங்க அம்மா மாதம் ஒருமுறை ரிவர்ஸ்டன் பக்கத்து மலையிலிருந்து மாத்தளைக்கு வர வேண்டும். விடியுமுன்னே எழுந்து, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி, ரோட்டோரக் கடையில் கொஞ்சம் மூச்சு வாங்கி, ரத்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். அரைநாள் லீவு கேட்டு, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பி, ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்காக நிற்பேன்.

அம்மா தேர்த் திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலையைத்தான் கிளினிக்குக்கும் கட்டுவார். "பெரிய மனுசங்கள பாக்கப் போறோம்ல" என்பார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. அதை யாரிடமும் கொடுக்க மாட்டார், என்னிடம் கூட.

அம்மாவின் சிங்களம் பஸ்ஸை நிறுத்தவும் கடையில் விலை கேட்கவும் போதும். அதற்கு மேல் ஓடாது. நான் கடையில் நின்று பழகியதால் சரளமாகப் பேசுவேன். அதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை. வரிசையில் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம், "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று என்னைக் காட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

டொக்டரைக் குறை சொல்ல முடியாது. வெளியே வரிசை மதில்வரை நிற்கும்போதும் அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். மாதாமாதம் அதே கேள்விகள். மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா? கால் வீங்குகிறதா? வேறு ஏதும் கஷ்டம் இருக்கிறதா? முதல் சில மாதங்கள் நான் அம்மாவிடம் கேட்டுத்தான் சொன்னேன். அம்மாவோ கால் வீக்கத்தைக் கேட்டால் மழையில் தொடங்கி, லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரியின் ஆடு வரைக்கும் போய்விட்டுத்தான் காலுக்கு வருவார். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அர்ச்சனைக்கு ராசி நட்சத்திரம் சொல்வதுபோல நானே மளமளவென்று சொல்லிவிடுவேன். போடுகிறார், வீக்கம் இல்லை, கஷ்டம் இல்லை.

கடைசி கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பு அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"இந்த தடவ நானே போயிக்கிறேன் புள்ள. நீ வர வேணாம்."

"தனியா போயி என்னத்த பேசுவீங்க?" என்று சிரித்தேன்.

"அதெல்லாம் பேசுவேன்" என்றார்.

நான் போனேன். கடமை தவறாத மகள் அல்லவா. என்னைக் கண்டதும் அம்மாவின் முகம் மலரவில்லை. வெயில் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிட்டு நான் கடைக்கு ஓட வேண்டும். அன்று எங்கள் நம்பர் பிந்திவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்ததும், டொக்டர் வாயைத் திறக்குமுன்னே அம்மா நிமிர்ந்து, "தொஸ்தர மஹத்தயா" என்று டொக்டர் ஐயாவைச் சிங்களத்தில் கூப்பிட்டுத் தொடங்கினார். டொக்டர் பேனாவை நிறுத்தினார். நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"நான் சொல்றேன், இருங்கம்மா."

வழக்கம்போல மூன்றையும் சொன்னேன். அம்மா மடியில் இருந்த பொலித்தீன் பையை மடித்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

அதற்கு மூன்றாம் வாரம் ஒரு காலையில், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மழைக்கு ரோடு உடைந்து கிடந்ததால் ஆட்டோ மேலே வராது. லயத்து ஆட்கள் கம்பளியில் கிடத்தி, நாலு பேராகத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். கீழே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றுதான் கிடைத்தது. நான் கடையிலிருந்து ஓடிப்போய், எப்போதும் நிற்கும் அதே வாசலில் நின்றேன். லொறி வந்தபோது அதிலிருந்து யாரும் அவசரப்பட்டு இறங்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

கருமாதி வரைக்கும் எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். ரோட்டை, தோட்டத்தை, அந்தத் துருப்பிடித்த பூட்டை. திட்டியதில் பிழையும் இல்லை. ரோடு நன்றாக இருந்திருந்தால், டிஸ்பென்சரியில் ஓர் ஆள் இருந்திருந்தால், அம்மா இருந்திருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

கருமாதி முடிந்து டவுனுக்குத் திரும்பும் நாளில், அம்மா மூச்சு வாங்கும் அந்த ரோட்டோரக் கடையில் பஸ்ஸுக்கு நின்றேன். கடைக்கார முஸ்லிம் அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா அந்தச் சிங்களத்த டொக்டர்கிட்ட சொன்னாங்களா மகள்?"

எதை என்று கேட்டேன்.

"மலையில இருந்து எறங்கி வந்தாலே நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லுவாங்க. ஒங்கட காதுக்குப் போனா வேலய விட்டுட்டு வந்து ஒக்காந்துருவீங்கன்னு பயம். டொக்டர்கிட்ட தன் வாயாலயே சொல்லணும்னு எங்கிட்ட கேட்டாங்க, நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'தொஸ்தர மஹத்தயா, பப்புவ ஹிர வெனவா.' ரெண்டு கெழமையா சாமான் வாங்க வாரப்பெல்லாம் இந்த வாங்குலதான் ஒக்காந்து பாடமாக்கினாங்க."

டீயை வாங்கில் வைத்தேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு இன்னும் மூன்றே வார்த்தைதான் இருந்திருக்கிறது. அதற்குள் நான் கையைப் பிடித்துவிட்டேன். டொக்டர் பேனாவை நிறுத்திக் காத்திருந்தார்; எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடையைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. என்மேல்தான் வெறுப்பு வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்களா மகள்?"

"சொன்னாங்க" என்றேன்.

"பிழையில்லாம?"

"பிழையில்லாம சொன்னாங்க."

அவருக்குச் சந்தோஷம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் கையைத் தடவினார். அம்மாவுக்காக நான் சொன்ன கடைசிப் பதில் அதுதான்.