பின்னங்கால் இல்லாத நாற்காலி

யங்கோனில் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடம். என் கணவர் போய்ச் சாய்ந்த நாற்காலியிலிருந்து புதுத் தோல் வாசனை வந்தது. பார்த்தால், அதற்குப் பின்னங்கால்களே இல்லை. 

நான் சிறுமியாக இருந்தபோது இதே ஊரின் பசுந்தாங் பகுதியில் அப்பாவுக்கு நாற்காலிப் பட்டறை இருந்தது. கப்பல்காரர் ஒருவர் இத்தாலியக் கம்பெனி ஒன்றின் படப்புத்தகங்களைக் கொண்டுவந்து தருவார். அங்கே வடிவமைப்பாளர் மாறும்போதெல்லாம் நாற்காலி இளைத்துக்கொண்டே வந்தது. முதலில் கைப்பிடி போயிற்று, பிறகு மெத்தையின் கனம், கடைசியில் பின்னங்கால்கள்.

"அடுத்த புத்தகத்துல நாற்காலியே இருக்காது போலடி," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. அரிசி ஆலை முதலாளியான பர்மியர் ஊ தின் அந்தப் பின்னங்கால் இல்லாத நாற்காலியைத்தான் செய்து கேட்டிருந்தார். அவர் மூன்று ஆள் கனம்.

அப்பா படத்தை மட்டும் பார்த்து இரும்புக் குழாயை வளைத்தார். ஊ தின் வந்து உட்கார்ந்ததும் இருக்கை ஆடிக்கொண்டே கீழே இறங்கியது. தூசி தட்டுவதுபோலப் பின்னால் போன அப்பா, சாய்மானத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஊ தின் பர்மியில் புகழ்ந்துகொண்டே இருந்தார். அவர் எழுந்திருக்கும்வரை அப்பா கையை எடுக்கவில்லை.

"நீ ஏன் பின்னாடி போய் நிக்கிற? வந்து உட்காரேன்," என்றார் என் கணவர்.

"நீங்க எழுந்திருங்க, சொல்றேன்," என்றேன். என் இரு கைகளும் சாய்மானத்தில் இருந்தன.