சந்தோசம் கிடைக்காத வாடி

நல்லவர் ஆரெண்டு கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிற வேலை எனக்கு. சிரிக்காதேங்கோ. திருகோணமலையில எங்கட வர்த்தகர் சங்கம், நேர்மையாத் தொழில் செய்யிற ஒரு நிறுவனத்துக்கு வருசா வருசம் 'நாணய விருது' குடுக்குது. விண்ணப்பம் வாங்கிறது, இடத்துக்குப் போய்ப் பாக்கிறது, நடுவர்மாருக்குத் தேத்தண்ணி ஊத்திறது, விருது கிடைக்காதவையளிட்ட ஏச்சு வாங்கிறது எல்லாம் செயலாளர் எண்ட பேரில என்ர தலையில. ஏதாவது ஒரு சங்கத்தில செயலாளரா மாட்டுப்பட்டு, விடவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் முழுசிற ஆக்களுக்கு என்ர பாடு விளங்கும்.

பேரில வந்த வில்லங்கம்

விருதுக்குப் பேர் வைச்ச அண்டைக்கே நான் சொன்னனான், இது பிழைக்கும் எண்டு. ஆர் கேட்டது? விளம்பரம் போட்ட காலமையே மூதூரில ஆணி, கம்பி, பெயின்ற் விக்கிற ஒரு முதலாளி ரெலிபோன் எடுத்தார். "நாணயம் தங்கமோ, வெள்ளியோ?" எண்டு கேட்டார்.

அது காசில்ல, வாக்கு நாணயம், நேர்மை எண்டு நான் பத்துத் தரம் விளங்கப்படுத்தினன். பிறகு மனுசன் நல்ல மனசோட சொன்னார்: "அப்ப என்ர மச்சானுக்குக் குடுங்கோ சேர், அவனுக்குத்தான் உந்த நேர்மை வருத்தம் கனகாலமா இருக்கு, எந்த மருந்துக்கும் மாறேல்ல."

இறால்

உல்லாசப் பயணியளைப் படகில கடலுக்குக் கூட்டிக்கொண்டு போற ஒருத்தரும் விண்ணப்பம் போட்டவர். ஒருநாள் கந்தோருக்கு வந்து, கதிரையில இருந்து, ஊர்க் கதை எல்லாம் கதைச்சு முடிச்சுப்போட்டு, காலடியில இருந்த பையை மெல்ல என்ர பக்கம் தள்ளினார். பையுக்குள்ள ஐஸ் போட்ட இறால். ஒவ்வொண்டும் உள்ளங்கை நீளம். எனக்கு இறால் எண்டால் உயிர். அதையும் ஆரிட்டயோ விசாரிச்சுத்தான் வந்திருக்கிறார்.

"அண்ணை, இது நேர்மைக்குக் குடுக்கிற விருது. இதை நான் தொட ஏலாது" எண்டன். கண் மட்டும் பையை விடேல்ல. அவர் பையைத் திருப்பி எடுத்து மடியில வைச்சுக்கொண்டு, முகம் வாடிப்போய்க் கேட்டார்: "அப்ப மற்ற ஆக்கள் என்ன குடுத்தவையள், சேர்?"

கருவாட்டுக்குத் தெரியும்

கிண்ணியாவில நூரியா ராத்தா கருவாட்டு வாடி வைச்சிருக்கிறா. ராத்தா எண்டால் அங்க அக்கா. மீனைக் கீறி, உப்புப் போட்டு, காய வைச்சு, பைக்கற் பண்ணி விக்கிற இடம். வேலை செய்யிறது எல்லாம் பெண்டுகள். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல்காரர், "நாணய விருது முத்திரை இருந்தால் வருசம் முழுக்க உங்களிட்டத்தான் வாங்குவம்" எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஓடர் வராட்டி மாரிக்கு வாடியைப் பூட்டி, பெண்டுகளை வீட்ட அனுப்பவேணும். வேற வழி இல்ல.

மற்ற ஆக்கள் விண்ணப்பத்தோட தங்கட படத்தையும், மந்திரிமாரோட நிண்ட படத்தையும் ஒட்டி அனுப்புறவை. இவ ஒரு படமும் ஒட்டேல்ல. ஏன் ராத்தா எண்டு கேட்டன். "நான் நல்லவ எண்டு கருவாட்டுக்குத் தெரியும், தம்பி. ஹோட்டல்காரனுக்குத்தான் ஒரு கடதாசி வேணுமாம்."

லண்டன் தமிழ்

எங்களுக்கு உதவியா வந்தவ சர்மி. லண்டனில பிறந்து வளர்ந்த பிள்ளை. தாயிட்டப் படிச்ச தமிழ், சுத்தமாக் கதைப்பா. வாடியில வேலை செய்யிற ஆக்களை நான் பக்கத்தில நில்லாமல் தனியக் கேட்டால்தான் உண்மை வரும் எண்டு அவவே போய்க் கேட்டவ.

நடுவர் கூட்டத்தில அவவின்ர அறிக்கை வந்தது. ஊழியர் நலன் எண்ட இடத்தில நூரியா ராத்தாவுக்கு முட்டை. தலைவர் பேனையை எடுத்து ராத்தாவின்ர பேரை வெட்டிப்போட்டார். ஏன் பிள்ளை முட்டை எண்டு கேட்டன். சர்மிக்குக் கண் கலங்கிச்சுது. "சல்லி ஊரில இருந்து வாடிக்கு வேலைக்கு வாற புனிதம் அன்ரியிட்டக் கேட்டனான், அங்கிள். வேலையில சந்தோசம் கிடைக்குதா எண்டு. இல்லவே இல்லையாம். ஒருக்கா ஒரு வியாபாரி சந்தோசம் தந்தவராம். அதையும் நூரியா அன்ரி திருப்பிக் குடுக்க வைச்சவவாம். என்ன மனுசி அவ?"

திரும்பக் கேட்டது

எங்கட பக்கம் 'சந்தோசம்' எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும். கந்தோரில அலுவல் கெதியா முடியிறதுக்கும், தராசு கொஞ்சம் சாயிறதுக்கும், ஆரும் பாக்காத நேரம் கையுக்குள்ள வைக்கிறது. லண்டன் தாய் அதைச் சொல்லிக் குடுக்கேல்ல, பாவம். துறைமுகத்தில வேலை பாத்து இளைப்பாறின ஒரு நடுவர்தான் முதலில சிரிக்கத் தொடங்கினவர். மனுசன் மேசையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். ஆயுள் முழுக்க அந்தச் சொல்லோடயே சீவிச்ச ஆள்.

தலைவர் மட்டும் சிரிக்கேல்ல. சிரிப்புச் சாட்சி ஆகாது, திரும்பக் கேள் எண்டார். எல்லாருக்கும் முன்னால புனிதம் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைச்சு, "அக்கா, கைக்காசைக் கேக்கேல்ல. மனசில சந்தோசமோ எண்டு கேக்கினம்" எண்டன். பதில் உடன வந்தது: "வெயிலுக்குள்ள நிண்டு கருவாடு புரட்டுறவளிட்டக் கேக்கிற கேள்வியோ இது? ஆனா ஒண்டு எழுதுங்கோ. பழுதானதை நல்லதுக்குள்ள கலவெண்டு ராத்தா ஒருநாளும் சொன்னதில்ல. வீட்ட போனால் எனக்கு நித்திரை வருது."

பலகை

அந்த வருச விருது நூரியா ராத்தாவுக்கு. விருதுப் பலகையை வாடிச் சுவரில மாட்டினது நான்தான். நான் அடிச்ச ஆணி எண்டபடியா கொஞ்சம் சரிவு. ஹோட்டலில சாமான் வாங்கிறதுக்குப் பொறுப்பான ஆள் வந்து, பலகைக்குக் கீழ நிண்டு படம் எடுத்து, மெத்தச் சந்தோசம் எண்டு கை குடுத்து, கடைசியா மெல்லச் சொல்லியிருக்கிறார்: பில்லை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ, கூட வாறது எனக்கு. ராத்தா ஏலாது எண்டிட்டா. அடுத்த கிழமை ஓடர் வேற ஒருத்தருக்குப் போச்சு.

கேள்விப்பட்ட உடன எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனனான். வானம் மூடிக்கொண்டு நிண்டது, மாரி தொடங்கப்போகுது. புனிதம் அக்கா பைக்கற்றுகளைப் பையில அடுக்கிக்கொண்டு நிண்டவ. குச்சவெளி பஸ்ஸில போய், றோட்டுக்கரைக் கடையளுக்குச் சில்லறையாக் குடுத்துப் பாக்கப்போறாவாம். அதால மாரி முழுக்கச் சீவியம் ஓடுமோ எண்டு கேட்டன். ஓடினால் ஓடட்டும் எண்டா.

நூரியா ராத்தா எனக்குப் பிளேன்ரீ தந்து, தானும் பக்கத்தில இருந்தா. "ஹோட்டலின்ர பெரிய ஆக்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதிறன், ராத்தா" எண்டன். அவ என்னைப் பாக்கேல்ல, சுவரைப் பாத்துக்கொண்டு சொன்னா: "உண்மையைச் சொல்லுறன் தம்பி. பெண்டுகளின்ர முகத்தைப் பாத்தா, அண்டைக்கு நான் ஓம் எண்டிருப்பன். நீங்க மாட்டின அந்த நாசமாப்போன பலகைதான் விடேல்ல."

நாணயமான ஆக்களைத் தேடிப் பிடிக்கிறதுக்கு எங்கட சங்கத்தில நடுவர், தலைவர், செயலாளர் எல்லாம் இருக்கினம், அந்த நாணயமான ஆக்களிட்டச் சாமான் வாங்கிற ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலைக்குத்தான் இன்னும் ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்ல.