வாயாடியின் திரை

என் அக்காவின் கணவருக்கு மனிதர்களைக் குரலை வைத்துத்தான் தெரியும். பட்டப்பெயர்களையும் குரலை வைத்தே சூட்டுவார். மருத்துவமனையில் அவருடைய மேற்பார்வையாளர் அம்மாளுக்கு ‘வெண்கலம்’ என்று பெயர். கணினிப் பிரிவுக்காரருக்கு வருடம் முழுவதும் சளி என்பதால் அவர் ‘மூக்கடைப்பு’. அக்கா ‘அவசரம்’. நான் நான்கு வருடம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு, நினைத்த நேரத்தில் போன் செய்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால், அந்தக் காலத்து வெளியூர் அழைப்பு போல, ‘டிரங்க்கால்’. ஊர் திரும்பி அவர்கள் வீட்டு முன்னறை சோபாவில் மூன்று வாரமாகக் கிடந்தும் பெயர் மாறவில்லை.

மாமாவுக்கு ஒன்பது வயதில் பார்வை போயிற்று. இப்போது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடமாக அந்த மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. அறுநூற்றுச் சொச்சம் உள் எண்களும் மனப்பாடம். எண் தெரிவது பெரிய காரியமில்லை என்பார். எலும்பு டாக்டர் பத்தரைக்கு மேல் அறையில் இருக்க மாட்டார், கேண்டீன் எண்ணுக்குப் போட்டால் அவரே எடுப்பார் என்பது தெரிய வேண்டும். ரத்த வங்கியில் மணி அடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்து ஸ்டோருக்குப் போட்டு, கதவைத் தட்டச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அக்காவை அவர் பிடித்ததும் அந்த நாற்காலியிலிருந்துதான். எங்கள் அம்மா அங்கே படுத்திருந்தபோது அக்கா ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வாள். ஒரு வாரம் கழித்து, அவள் வாயைத் திறக்கும் முன்பே, “நாலாவது மாடிதானே, தரேன்” என்றாராம்.

“நான் இன்னும் பேசவே இல்லையே!”

“மூச்சு விட்டீங்களே.”

இப்போது அக்கா ஒரு கடைக்காக வீட்டிலிருந்தே ஜன்னல் திரைகள் தைக்கிறாள். தையல் மெஷின் ஒரு மூலையில் ஓடும். இன்னொரு மூலையில் மாமாவின் கையடக்கக் கணினி ஓடும். இரண்டும் ஒரே வேகம். அந்தக் கணினி இரண்டு உள்ளங்கை அகலம்தான். சின்னச் சின்ன விசைகள், மேலே ஒரு சின்னத் திரை. அழுத்துகிற ஒவ்வொரு விசைக்கும் பேசும், திறக்கிற ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வாயாடி’. அவர் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசினால் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. திரை எப்போதும் இருட்டாகவே இருக்கும். ‘திரை மறைப்பு’ என்று அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பேட்டரி அதிக நேரம் நிற்கும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கவும் முடியாது.

மருத்துவமனையில் இணைப்பக அறையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தி அந்த மாதம் வந்தது. திங்கட்கிழமை முதல் ஆபரேட்டர்கள் அவரவர் கணினியில் ஒரு புரோகிராம் வழியாக வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்கலாம். கணினிப் பிரிவு தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்து அதைப் பொருத்தித் தரும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் யாருடைய கணினி தயாரோ அவர்கள் பெயர் பட்டியலில் ஏறும். மற்றவர்களுக்குப் பதிவேட்டு அறை.

பதிவேட்டு அறை என்றால் என்ன என்று மாமாவுக்குத் தெரியும். அவரைப் போல இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து, நடுவில் ஒரு நாற்காலி.

“பைல் எடுத்துக் குடுக்கக் கண்ணு வேணும். எனக்கு அங்க என்ன வேலை? பைலுக்குத் துணைக்கு உக்காந்திருக்கறதா?” என்று வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கேட்டார்.

மற்ற நான்கு ஆபரேட்டர்களுக்கும் வியாழனே முடிந்துவிட்டது. மாமாவின் முறை வந்தபோது மூக்கடைப்பு விடுப்பில் இருந்தார். சனிக்கிழமை பத்தேகாலுக்குத்தான் அவருடைய போன் வந்தது. மாமா சாப்பாட்டு மேசையில் வாயாடியை வைத்துக்கொண்டு எட்டு மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வியாழக்கிழமை அனுப்பின புரோகிராமைத் திறங்க. நடுவுல பெருசா ஒம்பது நம்பர் தெரியும். அதுக்குக் கீழ பாஸ்வேர்டு. ரெண்டையும் சொல்லுங்க, நான் உள்ள வந்துடறேன்.”

மாமா திறந்தார். வாயாடி, “பட்டன். பட்டன். பட்டன்” என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

“எனக்கு என்னங்க தெரியும், நீங்களே சொல்லுங்க” என்றார் மாமா.

மூக்கடைப்பு ஒரு தும்மல் போட்டார். “மன்னிச்சுக்கோங்க சார். அந்த நம்பர் படம் மாதிரி வரும், உங்க மெஷின் படிக்காது. வீட்ல யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்களேன்.”

மாமா திரை மறைப்பை நீக்கிவிட்டு வாயாடியை என் பக்கம் திருப்பினார். “டிரங்க்கால், படி.”

படிக்க ஒன்றுமில்லை. திரை முழுவதும் மை கொட்டியது போல ஒரு கறை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் அடியில் கண்ணாடி சிலந்தி வலையாக விரிசல் விட்டிருந்தது.

“மாமா, இது எப்ப உடைஞ்சது?”

“உடைஞ்சதா?” அவர் திரையை விரலால் தடவினார். “வழவழன்னு இருக்கே!”

தையல் மெஷின் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஊசியில் நூல் கோப்பது போலக் குனிந்துகொண்டாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

“அக்கா!”

“ரெண்டு வருஷம் இருக்கும்” என்றாள். “அலமாரிய ஒழுங்கு பண்ணும்போது கீழ விழுந்துடுச்சு. எடுத்துப் பார்த்தேன், பேசிச்சு. பேசுதே, அப்ப நல்லாத்தானே இருக்குன்னு நினைச்சேன். கண்ணாடி விரல்ல கிழிச்சிடக் கூடாதேன்னு தாள் வாங்கி ஒட்டினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க பார்க்கவா போறீங்கன்னு...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா சிரித்துவிட்டார். “ஊர்ல இருக்கற ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கறவ, என் மெஷினுக்கும் ஒண்ணு போட்டுட்டா.”

போனில் மூக்கடைப்பு சிரிக்கவில்லை. “சார், திரை போயிடுச்சுன்னா புது மெஷினுக்கு எழுதிப் போடணும். ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரெக்கார்டு ரூம்ல இருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.”

“அங்க போய் உக்காந்தவங்க யாரும் எழுந்து வந்ததில்ல” என்றார் மாமா. சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

டிவியுடன் இணைத்துப் பார்க்கலாமா என்று தேடினேன். வாயாடியில் அதற்கான துளை இல்லை. அக்கா தையலை விட்டுவிட்டு மேசைக்கு வந்து நின்றாள். மணி பத்தே முக்கால்.

மாமா விரல்களை விசைகள் மேல் வைத்தார். பிறகு, “இதுல ஒரு வசதி இருக்கு. படத்துல இருக்கற எழுத்தைப் படிக்குமாம். நானும் பத்துப் பதினஞ்சு தடவை போட்டுப் பார்த்திருக்கேன். எப்பவும் ‘எழுத்து எதுவும் இல்லை’ன்னுதான் சொல்லும். உதவாத சரக்குன்னு விட்டுட்டேன். எதுக்கும் போட்டுப் பார்ப்போம்” என்று மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார்.

வாயாடி மடமடவென்று எண்களை உதிர்த்தது.

மாமா மறுபடி அழுத்தினார். அதே எண்கள். ஒன்பது.

“திரை மறைப்பு!” என்றார். “இத்தனை வருஷமா மறைப்பைப் போட்டுட்டே படிக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கும் இருட்டாத்தானே இருந்திருக்கும்? அதையும் என்னை மாதிரியே ஆக்கி வெச்சிருந்தேன் பாரு!”

“திரைதான் உடைஞ்சிருக்கே, இப்ப மட்டும் எப்படிப் படிக்குது?” என்றாள் அக்கா.

கண்ணாடிதான் உடைந்திருக்கிறது, உள்ளே படம் எப்போதும் போல உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, வாயாடி அதை உள்ளிருந்தே படிக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

“கண்ணுதான் போச்சு, மூளை நல்லா இருக்கு. நம்ம கேஸ்தான்” என்றார் மாமா.

எண்களை அவர் நிதானமாகச் சொன்னார், மூக்கடைப்பு எழுதிக்கொண்டார். சிக்கல் பாஸ்வேர்டில் வந்தது. எட்டு எழுத்து. நான்காவது எழுத்து வெறும் நேர்கோடாக இருந்திருக்க வேண்டும். வாயாடி அதை ஒரு தடவை ஆங்கிலச் சின்ன ‘எல்’ என்றது, இன்னொரு தடவை பெரிய ‘ஐ’ என்றது. மூக்கடைப்பு இரண்டையும் போட்டுப் பார்த்தார், இரண்டும் தவறு.

“அப்ப ஒண்ணு. எண் ஒண்ணு” என்றாள் அக்கா. “போடச் சொல்லுங்க.”

“கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை தப்பாப் போச்சுன்னா ஒரு மணி நேரம் பூட்டிக்கும்” என்றார் மூக்கடைப்பு. மணி பதினொன்றே கால்.

“ஒண்ணாத்தான் இருக்கும். வேற என்ன இருக்கப் போகுது?”

“அவசரம், சும்மா இரு” என்றார் மாமா. “மத்த ஏழு எழுத்தையும் அது சரியாப் படிச்சதுன்னு யாரு சொன்னா? சந்தேகமா இருக்கற நம்பரை நான் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல.” பிறகு போன் பக்கம் திரும்பி, “அது குடுக்கற பாஸ்வேர்டு வேணாம். நானே ஒண்ணு வெச்சுக்க வழி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார். வலது பக்கம் மேல பல் சக்கரம் மாதிரி ஒரு படம்...” என்று சொல்லிவிட்டு மூக்கடைப்பு தானே நிறுத்திக்கொண்டார்.

வாயாடிக்குப் பல் சக்கரமும் பட்டன்தான், குப்பைத்தொட்டியும் பட்டன்தான். நான் ஓடிப்போய், பேசத் தெரியாத என் மடிக்கணினியை எடுத்து வந்து அதே புரோகிராமை இறக்கினேன். டேப் விசையை அழுத்த அழுத்த ஒரு நீலக் கட்டம் ஒவ்வொரு படமாகத் தாவியது. எண்ணினேன். பல் சக்கரம் ஏழாவது.

“மாமா, ஏழு.”

அவர் ஏழு தடவை அழுத்தித் திறந்தார். எழுத்தைப் படிக்கச் சொன்னார். வாயாடி, “நண்பர்களை அழையுங்கள்” என்றது.

“நண்பர்களா? இருக்கற கூட்டம் போதும்” என்று வெளியே வந்தார்.

அவருடையதில் எனக்கு வராத ஒரு படம் கூடுதலாக இருக்க வேண்டும். எட்டு போட்டார். வாயாடி, “அமைப்புகள்” என்றது. அங்கிருந்து எல்லாம் எழுத்துகளாகவே வந்தன. ‘பாதுகாப்பு’, அதன் உள்ளே ‘கடவுச்சொல், எழுதும் கட்டம்’. அதை அது தெளிவாகவே சொன்னது.

“ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க” என்றார் மாமா.

“உடைஞ்ச திரையில என்ன தெரியும்னு திரும்பணும்?” என்றேன்.

“விரல் தெரியுமே.”

திரும்பினோம். தட்டினார். உடனே ஸ்பீக்கர் போனில் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். ‘அவசரம்’ என்று ஆங்கில எழுத்தில், கடைசியில் ஒரு பத்தொன்பது.

“இதுக்கா எங்களைத் திரும்பச் சொன்னீங்க?” என்றாள் அக்கா. குரலில் கோபம் இருந்த அளவுக்கு முகத்தில் இல்லை.

“முதல் தடவை மட்டும் அனுமதி கேக்கும் சார். முப்பது செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள அமுத்தணும்” என்றார் மூக்கடைப்பு.

முதலில் என் கணினிக்கு ஒரு தடவை வரச் சொன்னேன். வந்தார். கேள்வி எழுந்தது. நீலக் கட்டம் ‘மறுக்கவும்’ என்பதன் மேல்தான் நின்றது. யோசிக்காமல் என்டரைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

“மாமா, என்டர் போடாதீங்க. ஒரு டேப், அப்புறம் ஸ்பேஸ்.”

“ஒரு டேப், ஸ்பேஸ்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் குத்தியது.

வாயாடி, “பட்டன்” என்றது. மாமா டேப் அழுத்தினார். “பட்டன்.” ஸ்பேஸ். ஒரு சத்தமும் இல்லை. போனில் மூக்கு உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

“ஆங், வந்துட்டேன் சார்” என்றார் மூக்கடைப்பு. “அட, உங்க திரை பளிச்சுனு தெரியுதே! என்ன உடைஞ்சிருக்குன்னு சொல்றீங்க?”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வாயாடி இப்போது வேறொருவர் ஆட்டுவிக்கப் பேசிக்கொண்டிருந்தது. ஏதோ இறங்கியது, ஏதோ மூடியது. பதினொன்று ஐம்பதுக்கு மூக்கடைப்பு, “முடிஞ்சது. மேடம் ஒரு டெஸ்ட் கால் போடுவாங்க. எஃப் ரெண்டு எடுக்கறதுக்கு, எஃப் எட்டு மாத்தறதுக்கு. சார், ஒண்ணு கேக்கணும். எனக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்க? எல்லாரும் சிரிக்கறாங்க” என்றார்.

“உங்களுக்கா? ஒண்ணும் இல்லீங்களே” என்றார் மாமா. “கொஞ்சம் வெந்நீர் குடிங்க.”

பதினொன்று ஐம்பத்து நான்குக்கு வாயாடி மணி அடித்தது. மாமா ஹெட்போனை மாட்டவில்லை, எங்களுக்கும் கேட்டது.

“வணக்கம், ஆஸ்பத்திரி. சொல்லுங்க.” அந்தக் குரலை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அரை சுதி கீழே, அவசரமே இல்லாத குரல்.

“குழந்தைகள் வார்டு வேணும்” என்றது வெண்கலம். யாரோ போல நடிப்பதாக அவருக்கு எண்ணம்.

“பழைய கட்டடமா மேடம், புதுசா?”

“பழசு.”

“பழசுல பெயின்ட் அடிக்கறாங்க. புதன்கிழமையே எல்லாரையும் புதுசுல ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டாங்க. அங்க தரேன், லைன்ல இருங்க.” எஃப் எட்டு.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மணி. “மாத்தினதே எனக்குத் தெரியாது” என்றது வெண்கலம், இந்தத் தடவை சொந்தக் குரலில். “உங்க பேரைப் பட்டியல்ல போட்டுட்டேன். திங்கக்கிழமை காலைல ஆறு மணி.”

அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

“ஆறா?” என்றார் மாமா. “மூணு வருஷமா எனக்கு எட்டு மணி ஷிப்டு மேடம்.”

“வீட்ல இருந்துதானே? பஸ்ஸா பிடிக்கப் போறீங்க?”

“வீட்ல இருந்துன்னா ராத்திரியே உக்காந்துக்கச் சொல்வீங்களா?”

அக்கா அவர் தொடையில் கிள்ளினாள். மாமா வாயாடியின் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “கிள்ளாதே, பேசிட்டிருக்கேன்ல” என்றார். கையை எடுத்தார்.

“எட்டு மேடம்.”

“ஏழு.”

“ஏழரை.”

“ஏழு. இதுக்கு மேல பேசினா ஆறுதான்.”

“சரி, ஏழு” என்றார் மாமா. “ஆனா ஞாயித்துக்கிழமை லீவைத் தொடக் கூடாது. அதை இப்பவே சொல்லிட்டேன்.”